துண்டுக்கு அடியில் பேசி முடித்தது

கனிஷ்கா, தருண், இரண்டு பேரும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். அப்பா பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். கடிதம்கூட எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் கனிஷ்கா சிவப்புப் பேனாவால் சுழித்து வைக்கட்டும், வந்து பார்த்துக்கொள்கிறேன். ஆனைமலைப் பக்கம் அந்தத் தென்னந்தோப்பில் நடந்ததைப் பற்றி நாம் நான்கு பேரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் எடுத்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். என்னைப் போல ஊரை விட்டு வந்து, பிள்ளைகளைப் போனில் வளர்க்கிற வேறு அப்பன்மார் யாராவது படித்தாலும் படிக்கட்டும்.

இந்தப் போலந்து தேசத்தில் எனக்கு இன்னும் பழகாதது குளிர் அல்ல. சாப்பிடுகிறவர்களை எழுப்புகிறார்களே, அதுதான். தொழிற்சாலை கேன்டீனில் ரொட்டியும் சூப்புமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் “ஸ்மச்னேகோ” என்பார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். சொன்ன வாய் மூடுவதற்குள், அந்த டிராயிங் எங்கே, அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டு, வாயில் ரொட்டியோடு ஆளைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். நம் பக்கத்தில் இலையில் கை வைத்தவரை எழுப்புவோமா? எவ்வளவு அவசரமாக வந்தவரும், “நீங்க சாப்டுங்க, நான் இருக்கறேனுங்க” என்று வெளியே நின்றுகொள்வார். நானும் அப்படியே வளர்ந்தவன். வந்த புதிதில் ஒருநாள், இரும்பு கடைகிற என் லேத்தில் டூலைக் குளிரவைக்கும் கூலன்ட் வரவில்லை. டூல் காய்ந்து புகை நாற்றம் அடித்தது. மெஷினை நிறுத்தக்கூட ஃபோர்மேனைக் கேட்க வேண்டும் என்பது அப்போது எனக்கு இருந்த சட்டம். ஃபோர்மேன் மாரெக் சூப் குடித்துக்கொண்டிருந்தார். நான் மூன்று மேசை தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் குடித்து முடித்து நிமிர்வதற்குள் டூல் உடைந்து, லேத் கவ்வியிருந்த உருப்படியும் வீணாகிவிட்டது. “ஏன் வந்து சொல்லவில்லை?” என்று கத்தினார். எனக்குத் தெரிந்த அரைகுறை போலிஷில், “நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்” என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. வேலை நேரத்தில் சாப்பிட்டதாக நான் அவரைக் குற்றம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இது இடைவேளை, இது என் உரிமை என்று விரலால் தட்டித் தட்டிச் சொன்னார். சாயந்தரம் நம் ஊர் வழக்கத்தைப் போனில் மொழிபெயர்த்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார். “எரிகிறது என்றால் சொல். நான் சாப்பிட்டாலும் சொல்” என்றார். நான் தலையை ஆட்டினேன். நன்றாகப் புரிந்துகொண்டதாகத்தான் நினைத்தேன்.

தருண், உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இங்கே தங்குவதற்கு ‘கார்த்தா’ என்று ஒரு அட்டை தருவார்கள். விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்கும்போது வெளியே போனால், திரும்பி உள்ளே வருவது நிச்சயமில்லை. நான் வேலையை விட்டு வந்துவிட்டால் வைத்தியம் நின்றுவிடும் என்று அம்மா சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆகவே உன் முடி உதிர்ந்ததையும், மருந்தில் உன் முகம் வீங்கியதையும், பிறகு வடிந்ததையும் உள்ளங்கை அளவு போன் கண்ணாடியில்தான் பார்த்தேன். “எப்படி இருக்கே கண்ணு?” என்று கேட்டால், நான் கற்றுக்கொடுத்த போலிஷ் வார்த்தையில், “தோப்ஜேங்கப்பா” என்பாய். நல்லா இருக்கேன் என்று. அம்மாவும் நல்லா இருக்கிறான் என்பாள். எனக்கு உடம்பு அனலாகக் கொதித்த நாட்களில் ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டு, நானும் தோப்ஜே என்பேன். நாம் ஒருவருக்கொருவர் நல்லதை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தோம். அதனால் உன் சீக்கைப் பற்றி உங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த எத்தனையோ விஷயங்கள் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாமல்தான் கார்த்தா கைக்கு வந்த வாரமே விமானம் ஏறினேன்.

வீட்டுக்கு வந்த அன்று நீ எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாய். “உக்காருங்கப்பா, தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டாய். விருந்தாளியிடம் கேட்பது போல. ராத்திரி என் பக்கத்தில் படுக்கச் சொன்னபோது அம்மாவைப் பார்த்தாய். ஒரு வாரம் போயும் அப்படியேதான் இருந்தாய். அந்தச் சமயத்தில்தான் வைத்தியத்தில் இருக்கும் பிள்ளைகளை அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்களோடு மூன்று நாள் அழைத்துப்போய் வைத்துக்கொள்கிற முகாம் ஒன்று இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ போகவேண்டும் என்று குதித்தாய். நான் எனக்காகப் போனேன். மூன்று நாளில் என் பையன் என்னிடம் வந்துவிடுவான் என்று.

தோப்புக்கு நடுவே ஓட்டுக் கட்டடங்கள் இரண்டு. எட்டுக் குடும்பம். பிள்ளைகளுக்குக் காலையும் சாயந்தரமும் காய்ச்சல் பார்த்து ஒரு அட்டையில் எழுதினார்கள். கொதித்து ஆறிய தண்ணீர், சூடான சாப்பாடு மட்டும். முகாமின் நர்ஸ் தனம் சிஸ்டர் முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து, “புள்ளைங்க ஒடம்பு லேசா சுட்டாலும் சொல்லிப்போடுங்க. நான் தூங்குனாலும் சரி, குளிச்சாலும் சரி, கதவத் தட்டுங்க” என்றார். மற்ற ஏழு அப்பன்மாரும் கேட்டுச் சலித்தவர்கள் போலத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மூன்றாம் நாள் நாலு மணிக்குப் பிள்ளைகள் நாடகம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைதான் கதை. போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள் புகுந்து பசுமாடு. ஆயிஷா என்ற பெண் மாட்டுக்காரி. அவளுடைய அப்பா அப்பாஸ் பாய் கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருக்கிறவர். நீதான் தரகர். தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். துண்டைக் கைமேல் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த வித்தை உனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டு நாளாகக் கிடைத்தவர்களை எல்லாம் பிடித்து ஒத்திகை பார்த்தாய். சமையல்கார அம்மாவின் கையைக்கூட விடவில்லை. “உடுங்க சாமி, கொழம்பு தீயுது. மாட்ட நீங்களே ஓட்டிட்டுப் போயிருங்க” என்று அவர் கையை உருவிக்கொண்டு ஓடினார்.

மதியம் ஒரு மணி இருக்கும். மற்றவர்கள் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நீ என்னிடம் வந்து நின்றாய். “நீங்க வாரீங்களாப்பா? ஒரே ஒருக்கா.” மூன்று நாளில் நீயாக என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை. நான் உட்கார்ந்தேன். நீ துண்டைப் போட்டு என் விரல்களைப் பிடித்தாய். உன் கை கொதித்தது.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. என் நடுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அம்மாட்டச் சொல்லிராதீங்கப்பா. சிஸ்டருகிட்டயும் சொல்லிராதீங்க. சொன்னா இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. நாடகம் முடிஞ்சதும் நானே சொல்லிப்போடறேன்” என்றாய். “சுடுதே கண்ணு” என்றேன். “கொஞ்சந்தானுங்கப்பா. வெலை படிஞ்சுதுங்களா?” என்று தரகர் குரலில் கேட்டாய். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் உன் விரலைப் பிடித்து அமுக்கினேன். படிந்தது என்று அர்த்தம்.

அமுக்கிய பிறகும் எனக்கு மனசு நிற்கவில்லை. சிஸ்டரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனேன். அவர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததில் இருந்து பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிவிட்டு, அப்போதுதான் இலை போட்டு ஒரு வாய் பிசைந்திருந்தார். என்னைப் பார்த்து, “சாப்டீங்களாங்கண்ணா?” என்றார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். “நீங்க சாப்டுங்க சிஸ்டர், ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். எரிகிறது என்றால் சொல் என்று மாரெக் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அது அந்த ஊர்ச் சட்டம், இது நம் ஊர் என்று இருந்திருப்பேனோ என்னவோ. என் பையில் இங்கிருந்து கொண்டுவந்த பாரசிட்டமால் அட்டை இருந்தது. பாதியாக உடைத்துத் தண்ணீரோடு கொடுத்தேன். நீ விழுங்கிவிட்டு, ஒரு வருசத்துக்கும் மேலாக இல்லாத மாதிரி என் தோளில் சாய்ந்தாய். எனக்கு அது போதும் போல இருந்தது.

இரண்டு மணிக்கு உனக்கு வேர்த்தது. உடம்பு ஆறிவிட்டது. மூன்றரைக்கு நாடகத்துக்கு முன்னால் சிஸ்டர் வரிசையாக எல்லோருக்கும் பார்த்தபோது உன் அட்டையில் சாதாரணம் என்று எழுதினார். நீ எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணடித்தாய். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்ட சந்தோசத்தில் நான் போய் அப்பாஸ் பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடை என்று தனியாக இல்லை, இரண்டு தென்னைக்கு நடுவே சேலை கட்டியிருந்தார்கள். முதலில் ஒரு பாட்டு, அப்புறம் மேஜிக், மூன்றாவதுதான் சந்தை.

பேச்சுவாக்கில் பாயிடம், ஆயிஷாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அல்லா புண்ணியத்துல இப்ப பரவால்லீங்க தம்பி. போன வருசம் ஒரு கண்டம் தப்பிச்சுது. என்ற கூடப்பொறந்த தம்பி, ஒண்ணுந் தெரியாதவன், காய்ச்சல்னு மாத்திரையக் குடுத்துப்போட்டான். அது நல்லா வெளையாடிட்டு இருந்துச்சுங்க. மறுக்கா காய்ச்சல் வந்தப்ப ஆளு நிக்கமாட்டேங்குது. பதினோரு நாளு ஐ.சி.யூ.”

“காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்தா என்னங்க பாய்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “ஏனுங்க, உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா? இந்தப் புள்ளைங்களுக்கு மருந்துல எதிர்ப்புச் சக்தியே இருக்காது. கிருமி உள்ள பூந்துச்சுன்னா காய்ச்சல் ஒண்ணுதான் நமக்கு மணியடிச்சுச் சொல்லுமுங்க. மாத்திரை அந்த மணிய அமுக்கிப்போடும். கிருமி அதும்பாட்டுக்கு உள்ள வேலை செய்யும். மணிக்கணக்குதானுங்க தம்பி நம்மளுக்கு.”

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆகப்போகிறது. மேஜிக் முடிகிற நேரம். சேலைக்குப் பின்னால் நீ நின்றாய், தலையில் உருமாலை, தோளில் துண்டு. என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாய். தருண், இதை உன்னிடம் மறைக்கக் கூடாது. உடனே நான் எழுந்துவிடவில்லை. அவன் காட்சி பத்து நிமிசம்தானே, முடியட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. இப்போது காட்டிக்கொடுத்தால் இவன் இனி ஜென்மத்துக்கும் என்னிடம் வரமாட்டான் என்று அடுத்த நினைப்பு வந்தது. அந்தப் பத்து நிமிசத்துக்குள் நீ விழுந்துவிட்டால் என்கிற மூன்றாவது நினைப்பு வந்தபோதுதான் கால் எழுந்தது. எல்லோரும் பார்க்க, பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்துபோய், “சிஸ்டர், இவனுக்கு ஒரு மணிக்கே சுட்டுதுங்க. நான் மாத்திரை குடுத்துப்போட்டேனுங்க” என்றேன்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. “எத்தன மில்லிகிராமுங்க? செரியா எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டார். அதற்குள் அவர் கை உன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். “என்றகிட்டக் கூடவா சொல்லலீங்க?” என்றாள். அவ்வளவுதான். நீ கத்தியது மட்டும்தான் தோப்பு முழுக்கக் கேட்டது. “சொல்லமாட்டேன்னு கையப் புடிச்சீங்கல்லப்பா! கையப் புடிச்சீங்கல்ல!” உன்னைத் தூக்கிக்கொண்டுதான் முகாம் காரில் ஏற்றினேன். என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாய். குத்துவதற்கு இவ்வளவு பலம் இருக்கிறதே என்று எனக்கு ஒரு ஆறுதல்.

கிணத்துக்கடவு வருவதற்குள் அந்தப் பலமும் போய்விட்டது. பல் கிட்ட ஆரம்பித்தது. போர்வையைப் போட்டும் நடுங்கினாய். கனிஷ்கா, நீ முன் சீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தம்பியின் ஃபைல் நம்பர், போன வாரத்து ரத்த அணு எண்ணிக்கை, கடைசி மருந்து ஏறிய தேதி எல்லாவற்றையும் பார்க்காமல் சொன்னாய். பதிமூன்று வயசு உனக்கு. நான் பின்னால் உட்கார்ந்து, என் வீட்டில் எனக்குப் புரியாத ஒரு மொழியை நீங்கள் எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். போலந்தில் பஸ்ஸில் போகும்போதும் இப்படித்தான் இருக்கும். அங்கே அது எனக்கு வலிக்காது.

தருண், உன் நெஞ்சில் தோலுக்கு அடியில் மருந்து ஏற்றப் பொருத்தியிருக்கிற போர்ட்டில் கிருமி. உள்ளே போனதுமே மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் அம்மா வெளியே வந்து, “நேரத்துக்குச் சொன்னீங்க” என்றார். நான், “இல்லீங்க, மூணு மணி நேரம் கழிச்சுத்தானுங்க சொன்னேன்” என்றேன். “இன்னொரு மூணு மணி நேரம் போகலையே” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி முழுக்க அம்மா உன் பக்கத்தில். ஒருவருக்குத்தான் அனுமதி. மறுநாள் அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மாத்திரை சமாச்சாரம் நான் போன்ல சொல்லியிருக்கோணும். சொன்னா அங்க தனியாக் கெடந்து பயப்படுவீங்கன்னு உட்டுப்போட்டேன்” என்றாள். அவளைத் திட்டவும் எனக்கு வாயில்லை. நான் மட்டும் என்ன சொல்லியிருந்தேன்?

நீ என்னிடம் பேசவில்லை. மூன்று நாள். காய்ச்சல் இறங்கிய பிறகும் நான் கதவோரம் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நம் பையும் துணியும் தோப்பிலேயே கிடந்தன. அவர்களே அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “போயிட்டு வாரேன் கண்ணு” என்றேன். நீ சுவரைப் பார்த்தபடியே கேட்டாய்.

“எங்கீங்க?”

“ஆனைமலைக்கு. நம்ம பையெல்லாம் அங்க இருக்குதுல்ல.”

“பஸ்லயா, ப்ளேன்லயா?”

“பஸ்லதான் கண்ணு.”

“பஸ்ல போனா சாயந்தரம் வந்துருவீங்களா?”

வந்துவிடுவேன் என்றேன். நீ திரும்பவில்லை. ஆனால் தலையை ஒரு தடவை ஆட்டினாய். எனக்கு ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்தது அடுத்த வியாழக்கிழமைக்கு. ஊருக்கு என்று எழுதிவிட்டேன் பாருங்கள். போலந்துக்கு.

தோப்பில் ஒருவரும் இல்லை. எல்லாக் குடும்பமும் போய்விட்டிருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் கயிற்றில் நம் துணி மட்டும் தொங்கியது. அம்மாவின் சேலை, கனிஷ்காவின் சுடிதார், என் வேட்டி, தருணின் மஞ்சள் சட்டை. நான்கு பேர் துணியும் ஒரே கயிற்றில் கிடந்ததை அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றேன். காலையில் தூறியிருந்ததால் எல்லாம் ஈரம். மற்றதைப் பையில் திணித்துவிடலாம். தருண், உனக்கு ஈரத் துணி ஆகாது, பூஞ்சை பிடிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டேன். சட்டைக் காலரில் அளவு முப்பது என்று போட்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

பொள்ளாச்சியில் கோயமுத்தூர் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டையைத் தோள் இரண்டும் பிடித்து வெளியே காற்றில் நீட்டினேன். உடம்பு பஸ்ஸுக்குள், கை இரண்டும் வெளியே. கண்டக்டர் ஓடி வந்தார். “ஏனுங்க, கைய உள்ள எடுங்க. எதுத்தாப்புல லாரி வருதுங்க!”

“பையன் சட்டைங்க. ஆஸ்பத்திரில இருக்கறானுங்க. சாயந்தரத்துக்குள்ள காயோணும்.”

அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப இந்தப் பக்கத்து சீட்டுக்கு வாங்க. இது ரோட்டோரம், வண்டி வராது” என்று, அங்கே இருந்தவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார்.

இடம் மாறி உட்கார்ந்தேன். கிணத்துக்கடவு தாண்டும்போது தொட்டுப் பார்த்தேன். முதுகுப் பக்கம் காய்ந்திருந்தது. கைப்பக்கமும் கழுத்துப் பட்டையும் இன்னும் ஈரம். சட்டையைத் திருப்பிப் பிடித்தேன்.